வெள்ளைச் சுரைப்பூவை அச்சிடுவது எப்படி: ஜப்பானிய ஸ்டென்சில் படங்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முராசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய 'கென்ஜியின் கதை'யில் 54 அத்தியாயங்கள் உண்டு. நான்காவது அத்தியாயத்தின் பெயர் யூகாவோ, அதாவது 'அந்தி முகம்'. கியோட்டோவின் ஐந்தாம் தெருவில் ஓர் எளிய வீடு. வெளியே வண்டியில் காத்திருக்கும் கதைநாயகன் கென்ஜி, பலகைத் தடுப்பில் படர்ந்த பச்சைக் கொடியில் வெள்ளைப் பூக்கள் மலர்ந்திருப்பதைப் பார்க்கிறான். ஒன்றைப் பறித்துவர ஆளை அனுப்புகிறான். உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்து, வாசனை ஏற்றிய வெள்ளை விசிறி ஒன்றை நீட்டி, பூவை இதன்மேல் வைத்துக் கொடுங்கள் என்கிறாள். அந்தப் பூ நமக்கு அந்நியமானது இல்லை. சுரைப்பூதான். பொழுது சாயும்போது நம் வேலியிலும் கூரையிலும் விரியும் அதே சுரைப்பூ.

இந்தப் பூவை ஜப்பானிய நாட்டார் ஸ்டென்சில் முறையில் காகிதத்தில் கொண்டுவரப் போகிறோம். இதற்கு வெள்ளை மை கிடையாது. வடிவம் வெட்டிய தாளான ஸ்டென்சில் வழியாக, காகிதத்தின் வெள்ளையை அரிசிப் பசையால் மூடிவிட்டு, சுற்றிலும் வண்ணம் ஏற்றி, கடைசியில் பசையைத் தண்ணீரில் கழுவி எடுக்கிறோம். பசை இருந்த இடத்தில் பூ இருக்கும். வெள்ளையை அச்சிட முடியாது, காப்பாற்றத்தான் முடியும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, மீதி எல்லாம் கைப்பழக்கம்.

வெட்டுவதிலிருந்து கழுவுவது வரை ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் குறைவு, காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அவசரமாக ஒரு பரிசுப் பொருள் வேண்டும் என்றால் இந்த முறை ஒத்துவராது.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

1925-ல் கலைச் சிந்தனையாளர் யானாகி சோஎட்சுவும், குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரும் சேர்ந்து 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். மக்கள் கைவினை என்று பொருள். பெயர் தெரியாத கைகள் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த கிண்ணத்திலும் துணியிலும் கூடையிலும்தான் கலப்படமில்லாத அழகு இருக்கிறது என்பது யானாகியின் வாதம். 1936-ல் டோக்கியோவின் கோமாபா பகுதியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். இன்றும் அது நடக்கிறது.

அந்த வட்டத்துக்குள் வந்த ஸ்டென்சில் கலைஞர் செரிசாவா கெய்சுகே. 1895-ல் ஷிசுவோகாவில் பிறந்தவர். 1928-ல் ஒகினாவாத் தீவுகளின் பிங்காதா துணிகளை ஒரு கண்காட்சியில் பார்த்தது அவருடைய பாதையையே மாற்றியது. ஸ்டென்சிலும் அரிசிப் பசையும் கொண்டு, பளிச்சென்ற வண்ணங்களில் சாயமேற்றும் துணி அது. 1939-ல் ஒகினாவாவுக்கே போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். அதுவரை ஜப்பானில் படம் போடுபவர், ஸ்டென்சில் வெட்டுபவர், சாயமிடுபவர் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். செரிசாவா மூன்றையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டார். 1956-ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தபோது, அவருடைய வேலையைக் குறிக்கப் புதிதாக ஒரு சொல்லையே உண்டாக்க வேண்டியிருந்தது: கதாஎஸோமே. கதா என்றால் அச்சு வடிவம், எ என்றால் படம், ஸோமே என்றால் சாயம்.

அவரிடம் கற்ற வாதனாபே சதாவோ, பைபிள் கதைகளை இதே முறையில் கசக்கிய காகிதத்தில் படமாக்கினார். சாயப்பட்டறைக்காரரான மோரி யோஷிதோஷி ஐம்பது வயதைத் தாண்டித்தான் அச்சுப் படங்களுக்கு வந்தார். கென்ஜியின் கதையையும் ஹெய்கே போர்க்கதையையும் தடித்த கறுப்புக் கோடுகளில் அதிர அதிரச் செய்தார். மோரியின் படங்களில் வாளும் குதிரையும் கூந்தலும் ஒரே கறுப்பில் பின்னிக் கிடக்கும். அவர் கையாண்ட முறைக்குக் கப்பாசுரி என்று பெயர். அதில் வண்ணத்தை ஸ்டென்சில் வழியாக நேரே தேய்க்கிறார்கள். நாம் கற்கப்போவது பசை வைக்கும் கதாஎஸோமே.

கதையிலிருந்து எதை எடுப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கென்ஜி என்றதும் நீண்ட கூந்தல் பெண், பட்டு அங்கி, முகம் என்று வரையத் தொடங்குவார்கள். முகம் வேண்டாம். ஜப்பானிய வடிவக்கலையில் 'ருசு மோன்யோ' என்றொரு வழக்கம் உண்டு. ஆள் வீட்டில் இல்லாத கோலம் என்று சொல்லலாம். கதைமாந்தர் யாரும் படத்தில் இருக்கமாட்டார்கள், அவர்கள் விட்டுப்போன பொருள் மட்டும் இருக்கும். கதை தெரிந்தவருக்கு அது போதும்.

வளைந்து வளைந்து போகும் பலகைப் பாலமும் ஐரிஸ் பூக்களும் இருந்தால் அது 'இசேயின் கதை'யின் ஒன்பதாம் பகுதி. எட்டுப் பலகைப் பாலத்தருகே உட்கார்ந்து, ஊரை நினைத்து ஒருவன் பாடிய கவிதையின் ஐந்து அடிகளும் அந்தப் பூவின் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகளில் தொடங்குகின்றன. படகும் கம்பத்தில் கட்டிய விசிறியும் இருந்தால் ஹெய்கே கதை: 1185-ல் யாஷிமா போரில் நாசு நோ யோஇச்சி ஒரே அம்பில் விசிறியை வீழ்த்திய காட்சி. அடுக்கடுக்கான முக்கோணங்களைச் செதில் கோலம் என்பார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மணியும் இருந்தால், பாம்பாக மாறிய பெண்ணின் தோஜோஜி நாடகம் உடனே நினைவுக்கு வரும். அரைவட்ட அலைகளை அடுக்கிய கோலத்துக்கு செய்கைஹா என்று பெயர். கென்ஜியின் ஏழாம் அத்தியாயத்தில் கென்ஜி ஆடும் நடனத்தின் பெயரும் அதுவே.

இலக்கியமே கோலமாகிவிட்ட ஒன்றும் உண்டு. கென்ஜிகோ என்பது ஒரு வாசனை விளையாட்டின் குறியீடு. ஐந்து முறை வாசனைக் கட்டையைப் புகைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்குத்துக் கோடு, வலமிருந்து இடமாக. எந்தெந்த முறை ஒரே வாசனை வந்தது என்று தோன்றுகிறதோ, அந்தக் கோடுகளை உச்சியில் படுக்கைக் கோட்டால் இணைப்பார்கள். இப்படி 52 வடிவங்கள் வரும். கதையின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் விட்டுவிட்டு, மீதி 52 அத்தியாயங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். ஐந்தும் தனித்தனியாக நின்றால் இரண்டாம் அத்தியாயமான ஹஹாகிகி. ஐந்தும் இணைந்து சீப்பு மாதிரி இருந்தால் 53-ஆம் அத்தியாயமான தெனாராய். கிமோனோவிலும் இனிப்புப் பண்டத்திலும் கதவுக் கைப்பிடியிலும்கூட இந்த வடிவங்களைப் பார்க்கலாம்.

முதல் பயிற்சிக்கு இந்த இரண்டும் போதும். நேர்கோடுகள் மட்டும்தான், கத்தி பழகும். நான் தெனாராயை மட்டும் பத்து முறை வெட்டினேன். பத்தாவதில்தான் மூலைகள் சரியாக வந்தன.

படத்தை ஸ்டென்சிலாக மாற்றுவது

15 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முதல் தடவை வேண்டாம்.

நடுவில் சற்று மேலே ஒரு சுரைப்பூ, ஐந்து இதழ். கீழே இரண்டு அகன்ற இலை. ஒரு பற்றுக்கம்பிச் சுருள். பின்புலத்துக்கு ஹிகாகி என்ற கோலம். மெல்லிய மரப்பட்டைகளைப் பாய் முடைவது போலச் சாய்வாகப் பின்னிய வேலிதான் அது. கென்ஜி பூவைப் பார்த்த அந்த வீட்டருகே புதிதாகப் போட்ட ஹிகாகி வேலி இருந்ததாகக் கதையிலேயே வருகிறது, அதனால் அது வெறும் அலங்காரமாக நிற்காது.

இப்போது ஒரு விதி: வெட்டி எடுக்கும் இடம் வெள்ளையாகும். விட்டுவைக்கும் இடம் கறுப்பாகும். இதழை வெட்டி எடுக்கிறோம், இதழ்களுக்கு நடுவே உள்ள கோட்டை விட்டுவைக்கிறோம். பட்டையை வெட்டுகிறோம், பட்டைகளுக்கு இடையிலான கோட்டை விடுகிறோம். அப்படியானால் விட்டுவைத்த எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒரு துண்டு தனித்தீவாக நின்றால், கத்தி சுற்றி வந்ததும் அது கீழே விழுந்துவிடும். செரிசாவா, மோரி, வாதனாபே படங்களில் கறுப்புக் கோடுகள் எல்லாம் கைகோத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். கோடு இல்லாமல் ஸ்டென்சில் நிற்காது. அந்தக் கட்டாயத்தையே அவர்கள் அழகாக்கிக்கொண்டார்கள்.

பூவின் நடுவில் ஒரு புள்ளி வேண்டுமா? அது தீவு. இதழ் நரம்பு வழியாக அதை ஓரத்தோடு இணையுங்கள். இப்படி இணைக்கும் சிறு பாலங்களை ஜப்பானில் ட்சுரி என்பார்கள், தொங்கவிடுவது என்று பொருள். 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். படத்தைக் கறுப்பு மார்க்கரால் நிரப்பிப் பார்த்துவிட்டால் தீவுகள் உடனே கண்ணில் படும்.

மரக்கட்டை அச்சில் போல படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டியதில்லை. பார்ப்பது பார்த்தபடியே விழும்.

வெட்டுதல்

மரபான ஸ்டென்சில் தாளைக் கதாகாமி என்பார்கள். வாஷி என்ற ஜப்பானியக் கைக்காகிதத்தில் மூன்று நான்கு தாளைப் பச்சைப் பெர்சிமன் பழச்சாறு கொண்டு ஒட்டி, காயவைத்து, புகையூட்டிச் செய்வது. நார் ஓடும் திசையை மாற்றி மாற்றி ஒட்டுவதால் நனைந்தாலும் உருக்குலையாது. மியே மாநிலத்தின் சுசுகா நகரில் உள்ள ஷிரோகோ, ஜிகே பகுதிகள் இந்தத் தாளை வெட்டுவதற்குப் பெயர்போனவை. எடோ காலத்தில் கிஷு பிரபுக்களின் ஆதரவில் அங்கே வெட்டிய தாள்கள் நாடு முழுக்க விலைபோயின. கத்தியைக் குத்தி நகர்த்துவது, அரைவட்ட ஊசியைச் சுழற்றித் துளையிடுவது, பூ வடிவில் செய்த உளியால் குத்துவது, கோடு இழுப்பது என நான்கு வகை வெட்டு உண்டு. பார்க்க எளிதாகத் தெரியும் கோடு இழுப்பதுதான் மிகக் கடினமானது. கத்தி ஒரே கோட்டில் பலமுறை, இம்மியும் விலகாமல் போக வேண்டும்.

கோடு என்றதும் ஒரு செய்தி. ஜப்பானில் சாந்தோமே என்று ஒரு கோடு போட்ட துணி வகை உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன பருத்தித் துணியின் பெயர் அது. மயிலாப்பூர்ச் சாந்தோம்தான் அந்தப் பெயருக்கு மூலம்.

கதாகாமி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஓ.எச்.பி. ஷீட் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் போதும். உண்மையான கதாகாமியைப் பசை இடுவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த தாள் காகிதத்தில் படியாமல் எழும்பி நிற்கும். பிளாஸ்டிக் ஷீட்டுக்கு இது தேவையில்லை.

முனை கூரான கட்டர், புது பிளேடு, கட்டிங் மேட். சின்னத் துண்டுகளை முதலில் வெட்டுங்கள், பெரியவற்றைக் கடைசியில். பெரிய திறப்பை முதலில் எடுத்துவிட்டால் தாள் தளர்ந்து, அப்புறம் சின்ன வேலை செய்யும்போது நடுங்கும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். மூலையில் இரண்டு வெட்டும் ஒரு நூலளவு தாண்டிச் சந்திக்கட்டும், துண்டு தானாகக் கழன்று வரும். பிய்த்து எடுத்தால் அங்கே பிசிறு நிற்கும், பிசிறு இருக்கும் இடத்தில் பசை ஒழுகும். ஹிகாகிப் பட்டைகளை வெட்டும்போது அலுப்புத் தட்டும். எழுந்து போய்விட்டு வாருங்கள். அலுப்பில் வெட்டிய கோடு படத்தில் தெரியும்.

காகிதம்

தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் கிழியாத காகிதம் வேண்டும். ஜப்பானில் கோஸோ என்ற செடியின் நாரில் செய்த தடித்த வாஷி. தோயாமா மாநிலத்து யாட்சுவோ ஊரின் காகிதம் செரிசாவாவின் வேலைகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டது. நமக்கு நேபாள லோக்தா காகிதம் கிடைக்கும், நீண்ட நார், நன்றாகத் தாங்கும். கார்ட்ரிட்ஜ் தாள், சார்ட் பேப்பர் எல்லாம் கூழாகிவிடும்.

காகிதத்துக்கு இன்னும் வலு வேண்டுமென்றால் கொன்னியாக்கு மாவு பூசலாம். அது நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் மாவு. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் தூவி, கட்டி தட்டாமல் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டால் வழவழவென்று ஆகிவிடும். அகலப் பிரஷால் இரு பக்கமும் பூசிக் காயவிடுங்கள். லோக்தாவுக்கு நான் எப்போதும் பூசுகிறேன்.

பசை

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தேவையானவை: ஒட்டரிசி மாவு 40 கிராம், நைஸாகச் சலித்த அரிசித் தவிடு 60 கிராம், உப்பு 15 கிராம், சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி. ஒட்டரிசி என்பது மோச்சி செய்யும் பசைத்தன்மையுள்ள அரிசி. கிழக்காசியச் சாமான்கள் விற்கும் கடைகளில் மாவாகவே கிடைக்கும். பச்சரிசி மாவில் செய்தால் காய்ந்ததும் பொருபொருவென உதிரும். ஒட்டரிசி ஒட்டுவதற்கு, தவிடு விடுவதற்கு. தவிடு இல்லாமல் மாவு மட்டும் இருந்தால் பசை காகிதத்தை விடாது. தவிடு எண்ணெய்ப் பொருள், பழசானால் சிக்கடிக்கும். ரைஸ்மில்லில் புதிதாக வாங்கி, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு குருணை நின்றாலும் பசை இழுக்கும்போது கோடு விழும்.

மாவையும் தவிட்டையும் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். காதுமடல் பதம். சின்னச் சின்ன வடைகளாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து 50 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஓட்டை எதற்கென்றால் நடுப்பகுதி வேகாமல் நிற்கக்கூடாது என்பதற்காக. வெந்ததும் சூடு ஆறுவதற்குள் உரலில் போட்டு இடிக்க வேண்டும். கெட்டியான மத்து இருந்தாலும் சரி. உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, இடிக்க இடிக்கச் சேருங்கள்.

சுண்ணாம்பை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து முன்பே தெளியவிட்டிருக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு போதும், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பழுப்பாக இருந்த பசை கண்முன்னே மஞ்சளாக மாறும். எத்தனை தடவை செய்தாலும் இந்த நொடி எனக்குச் சலிக்கவில்லை. மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். வறண்ட நாளில் கொஞ்சம் கூட்டவும், மழைநாளில் குறைக்கவும். ஒருமுறை கோடைப் பகலில் மின்விசிறிக்கு அடியில் பசையைக் காயவைத்தேன். ஒரு மணி நேரத்தில் பசை முழுக்க வெடித்து, கறுப்பு அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டது. பூ சிலந்தி வலை போலாகிவிட்டது. அதிலிருந்து உப்பைப் பருவம் பார்த்துப் போடுகிறேன், நிழலில்தான் காயவைக்கிறேன்.

இறுதிப் பதம் தேன் போல ஓடக்கூடாது, பிசைந்த மாவு போல நிற்கவும் கூடாது. கரண்டியில் எடுத்தால் அறுபடாமல் மெல்ல இறங்க வேண்டும். ஃபிரிட்ஜில் மூடிவைத்தால் சில நாள் இருக்கும்.

பசை இடுதல்

தட்டையான பலகையில் காகிதத்தை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே ஸ்டென்சில். வளையும் பிளாஸ்டிக் தகடு ஒன்றில் பசை எடுத்து, சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழ்நோக்கி ஒரே சீராக இழுங்கள். அடுத்து குறுக்கே ஒரு தடவை. முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது, பசை ஸ்டென்சிலுக்கு அடியில் புகுந்துவிடும். பசை ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஒரு மூலையைப் பிடித்து, புத்தகப் பக்கம் திருப்புவது போல ஸ்டென்சிலைத் தூக்குங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். உடனே ஸ்டென்சிலைத் தண்ணீரில் போடுங்கள், காய்ந்துவிட்டால் பட்டைகளுக்கு நடுவே உள்ள கோடுகள் பிய்ந்துவிடும். காகிதத்தை நிழலில் ஒரு நாள் விடுங்கள்.

கறுப்பு

20 கிராம் சோயாப் பயறை இரவு ஊறவைத்து, 300 மில்லி தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். காய்ச்சக்கூடாது. கடையில் விற்கும் சோயாப் பால் உதவாது, அது வெந்தது. வேகாத சோயாவின் புரதம்தான் காய்ந்து இறுகி வண்ணத்தைக் காகிதத்தில் பிடித்துவைக்கிறது. அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

பசை நன்றாகக் காய்ந்த பிறகு, இந்தப் பாலை மட்டும் மெல்லியதாக ஒரு கை பூசிக் காயவிடுங்கள். அதன் பிறகு விளக்குக் கரிப்பொடியைக் கொஞ்சம் பாலில் குழைத்து, கட்டியில்லாமல் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரோமம் குட்டையான, உருண்டையான ஸ்டென்சில் பிரஷ் வேண்டும். ஜப்பானில் இதற்கு மான் ரோமப் பிரஷ் உண்டு. மையில் தோய்த்து, பழைய துணியில் தட்டி, பாதி உலர்ந்த பிரஷால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். ஈரம் அதிகமானால் பசை கரைந்து ஓரம் மங்கிவிடும். ஒரே தடவையில் கறுப்பாக்க நினைக்காதீர்கள். மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு.

இப்போது பார்த்தால் மனம் உடைந்துவிடும். முழுத் தாளும் கறுப்பும் பழுப்புமாகச் சேறு பூசியது போல இருக்கும். அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். புரதம் இறுக அவ்வளவு நாள் வேண்டும்.

கழுவுதல்

அகலமான தட்டில் தண்ணீர் நிரப்பி, ஒரு கொசுவலைத் துண்டின்மேல் காகிதத்தை வைத்து அமிழ்த்துங்கள். 40 நிமிடம் போல விட்டுவிட்டால் பசை ஊறி உப்பி, தானே கழன்று மிதக்கத் தொடங்கும். விரலால் சுரண்டாதீர்கள். மென்மையான பிரஷால் தண்ணீரை அசைத்துவிட்டாலே போதும். தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். பசையெல்லாம் போனதும், வலையோடு தூக்கி, கண்ணாடிப் பலகையில் விரித்துக் காயவிடுங்கள். ஈரக் காகிதத்தை நேராகக் கையில் தூக்கினால் கிழியும்.

பூ தண்ணீருக்குள்ளேயே தெரிந்துவிடும். முதலில் ஓர் இதழ், அடுத்து வேலியின் நாலு பட்டை.

இனி வண்ணம்

கறுப்பு வெள்ளை இரண்டு மூன்று முறை நன்றாக வந்த பிறகு வண்ணத்துக்குப் போகலாம். வாதனாபே கையாண்ட வழி எளிதானது. வெளிச்சம் வரும் கண்ணாடியில் ஸ்டென்சிலை வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்தால் திறப்புகள் ஒளிரும். அந்த இடங்களில் வண்ணத்தைப் பிரஷால் தீட்டுங்கள். கோட்டை மீறி ஒரு மில்லிமீட்டர் போனாலும் பரவாயில்லை, கறுப்பு அதை மூடிக்கொள்ளும். இலைக்குப் பச்சை, வேலிப் பட்டைகளுக்கு மஞ்சள் காவி. பூவை வெறுமனே விட்டுவிடுங்கள். காய்ந்து சில நாள் ஆன பிறகு, ஸ்டென்சிலைக் காகிதத்தின் மேலே சரியாகப் பொருத்தி, வண்ணமிட்ட இடங்களின் மீதே பசை இட்டு, முன்பு சொன்னபடி கறுப்பு பூசிக் கழுவ வேண்டும். கறுப்புக் கோடுகளுக்குள் வண்ணங்கள் கண்ணாடி ஜன்னல் போலத் துலங்கும். பொருத்துவதற்கு வசதியாக ஸ்டென்சிலின் இரண்டு மூலைகளில் ஊசித்துளை போட்டு, காகிதத்திலும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கைவினைஞர்கள் இந்தத் துளைகளை நட்சத்திரம் என்கிறார்கள்.

வண்ணப் பொடிகளும் சோயாப் பாலில்தான் குழைய வேண்டும். சிவப்புக்குக் காவிப்பொடி போதும். அங்கே அதற்குப் பெங்காரா என்று பெயர், வங்காளத்திலிருந்து போனதால் வந்த பெயர். நீலத்துக்கு அல்ட்ராமரின், பச்சைக்கு அதோடு மஞ்சள் காவி. பழைய செய்முறைகளில் வரும் சிந்தூரச் சிவப்பில் பாதரசமும் அரிதார மஞ்சளில் ஆர்சனிக்கும் இருக்கின்றன. வீட்டில் அவற்றைத் தொட வேண்டாம்.

கண்ணைப் பழக்க

கை பழகும் அளவுக்குக் கண்ணும் பழக வேண்டும். ஷிசுவோகாவில் தோரோ தொல்லியல் களத்தை ஒட்டி 1981-ல் திறந்த செரிசாவா அருங்காட்சியகம், டோக்கியோவின் நாட்டார் கலை அருங்காட்சியகம், குராஷிகியின் ஓஹாரா அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் செரிசாவாவின் வேலைகள் உண்டு. போக முடிந்தவர்கள் போங்கள், மற்றவர்களுக்கு இணையத்தில் படங்கள் நிறையவே கிடைக்கும். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் எதை வெட்டினார், எதை விட்டார்? இரோஹா என்ற ஜப்பானிய எழுத்து வரிசையை வைத்து செரிசாவா செய்த திரைகளில் ஒரு எழுத்தும் அதன் பக்கத்தில் உள்ள பொருளும் எப்படித் தொங்கி நிற்கின்றன என்று பாருங்கள். ஸ்பானிய வீரன் தோன் கிஹோத்தேயை அவர் 1937-ல் ஜப்பானியச் சாமுராயாக மாற்றிச் செய்த படநூலில் குதிரையின் கால்கள் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தேடுங்கள். அவரிடம் கற்று, 2024-ல் தன் 101-ஆம் வயதில் மறைந்த யுனோகி சமிரோவின் படங்களில் வடிவங்கள் குழந்தை கிழித்த காகிதம் போலத் தளர்ந்து கிடக்கும். அவற்றையும் இதே கேள்வியோடு பாருங்கள்.

ஸ்டென்சிலைத் தூக்கி எறிய வேண்டாம். கழுவி, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் காயவைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும். என் சுரைப்பூ ஸ்டென்சிலில் இதுவரை பதினேழு தாள் எடுத்திருக்கிறேன். வலப்பக்க வேலியில் ஒரு கோடு மட்டும் அறுந்து, டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அந்த ஒட்டு, பன்னிரண்டாம் தாளிலிருந்து படத்திலும் தெரிகிறது.